கயிற்றின் மறுமுனை: விளையாட்டும் வேலையும் குடும்பமும்

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த நாள்களில், நீருக்குள் இறங்கியவரைப் பற்றியே ஊர் பேசியது. கல்லின் துணையோடு அவர் கடலடிக்குச் செல்வார். ஏறக்குறைய ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பிகளை அள்ளுவார். பின்னர்க் கயிற்றை அசைப்பார். தோணியில் நிற்பவர் அந்தக் கணமே இழுத்தாக வேண்டும். கயிறு பிடிக்கும் பொறுப்பை மைத்துனரிடமே ஒப்படைப்பார்கள் என்று இக்கரையில் சொல்வதுண்டு. தன் உடன்பிறந்தாளின் வாழ்வு அந்தக் கயிற்றில் இருக்கிறது என்பதை அறிந்தவர் கண்ணயர மாட்டார் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடியின் முத்துக்குளிப்பு முடிவுக்கு வந்தது. ஆயினும் கயிற்றுக்கு இரு முனைகள் உண்டு என்னும் உண்மை மறைந்துவிடவில்லை.

இவ்விதழில் நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் டிரையத்லான் என்னும் விளையாட்டு. நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைநிறுத்தமின்றி ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கும் போட்டி அது. மருத்துவமனை இதழுக்கு இது எதற்கு என்று வாசகர்கள் எண்ணலாம். இப்போட்டிகளில் பங்கேற்போருள் மிகப் பெரும்பாலோர் தொழில்முறை வீரர்கள் அல்லர். அலுவலகம் செல்பவர்கள், கடை நடத்துபவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புபவர்கள், வயதான பெற்றோரைப் பேணுபவர்கள். ஒரே நாளுக்குள் உடலையும் வேலையையும் குடும்பத்தையும் எவ்வாறு பொருத்துவது என்பதே அவர்களுடைய தலையாய கேள்வி. நோயிலிருந்து மீண்டு நாள்தோறும் அரைமணி நேரம் நடக்க வேண்டியவருக்கும், அவரை இரவும் பகலும் கவனித்துக்கொள்பவருக்கும் அதே கேள்விதான் எழுகிறது.

போட்டி பிறந்த கதை

1978ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓவாஹூவில் முதல் அயர்ன்மேன் போட்டி நடைபெற்றது. அதற்கு வித்திட்டவர்கள் ஜான் காலின்ஸ் என்னும் கடற்படை அதிகாரியும் அவருடைய மனைவி ஜூடியும். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம் என்னும் இன்றைய அளவுகள் அங்கேதான் உருவாயின. 15 பேர் புறப்பட்டனர். 12 பேர் முடித்தனர். கார்டன் ஹாலர் என்பவர் 11 மணி 46 நிமிடங்களில் முதலாவதாக வந்தார்.

அன்றைய போட்டியில் நீரும் உணவும் தருவதற்குப் பொது ஏற்பாடு ஏதும் இல்லை. ஒவ்வொருவரும் தமக்கு உதவுவோரைத் தாமே அழைத்து வர வேண்டியிருந்தது. ஓட்டத்தின் பெரும்பகுதியில் முன்னணியில் இருந்த ஜான் டன்பாருக்கு உதவ வந்தவர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. அவர்கள் பீர் கொடுத்தார்கள் என்பது அப்போட்டி பற்றி இன்றளவும் சொல்லப்படும் செய்தி. டன்பார் இரண்டாவதாகவே வந்தார். ஓடுபவரின் வலிமை எத்தகையதாயினும், அருகில் நிற்பவரின் கையில் என்ன இருக்கிறது என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது என்பதற்கு முதல் போட்டியே சான்றாயிற்று.

பின்னர் இவ்விளையாட்டு பரவியது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம் என்னும் சிறிய அளவில் இடம்பெற்றது. 2019ஆம் ஆண்டு அக்டோபரில் கோவாவில் அயர்ன்மேன் 70.3 என்னும் பாதியளவுப் போட்டி தொடங்கியது. 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம் என்பது அதன் அளவு.

நம் நாட்டினருள் இத்துறையில் முதலில் தடம் பதித்தவர்களில் ஒருவர் அனு வைத்தியநாதன். அவர் பொறியாளர், நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், சொந்தமாக ஒரு நிறுவனத்தையும் நடத்தியவர். 2009ஆம் ஆண்டு கனடாவில் நடந்த அல்ட்ராமேன் போட்டியை அவர் முடித்தார். 10 கிலோமீட்டர் நீச்சல், ஏறத்தாழ 420 கிலோமீட்டர் சைக்கிள், 84 கிலோமீட்டர் ஓட்டம் ஆகியவற்றை மூன்று நாள்களில் முடிக்க வேண்டிய போட்டி அது. விளையாட்டையே தொழிலாகக் கொள்ளாத ஒருவர், படிப்புக்கும் தொழிலுக்கும் இடையே நேரத்தை வகுத்துக்கொண்டு இவ்வளவு தொலைவு செல்ல முடிந்தது என்பதே நாம் இங்கே கருதத்தக்கது.

வாய்க்கால் முறையும் வாரக் கணக்கும்

நேரத்தைப் பங்கிடுவது பற்றி ஸ்ரீவைகுண்டத்தாருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தாமிரபரணியின் அணைக்கட்டுகளுள் கடைசியானது நம்முடையது. மேலே உள்ள அணைக்கட்டுகள் எடுத்துக்கொண்டது போக வந்து சேரும் நீரே வடகாலுக்கும் தென்காலுக்கும் பிரிகிறது. நீர் குறைந்த ஆண்டுகளில் வயல்களுக்கு முறைவைத்துப் பாய்ச்ச வேண்டும். யாருக்கும் தெரியாமல் ஒருவர் மடையைத் திறந்துகொண்டால் அடுத்த வயல் காய்கிறது. ஊரில் வழக்கு மூள்கிறது. முறையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால், குறைந்த நீரிலும் இரு வயல்களும் பிழைக்கின்றன.

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். நாளுக்கு ஏழு மணி நேர உறக்கம் என்றால் 49 மணி நேரம் கழிகிறது. ஆறு நாள் வேலையும் போய்வரும் நேரமும் சேர்ந்து 60 மணி நேரம் ஆகிறது என்று கொள்வோம். எஞ்சுவது 59 மணி நேரம். சமையல், குளியல், கடைவீதி, பிள்ளைகளின் படிப்பு, உறவினர் வீட்டு நிகழ்ச்சிகள், மருத்துவமனைக்குப் போய்வருதல் ஆகிய அனைத்தும் இதற்குள் அடங்க வேண்டும். பாதியளவு டிரையத்லானுக்குப் பயிற்சி செய்பவர் வாரத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்வது வழக்கம். அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் மேலே சொன்ன ஏதோ ஒன்றிலிருந்துதான் வர முடியும்.

பலர் அதை உறக்கத்திலிருந்து எடுக்கிறார்கள். அதுவே மிகவும் தவறான இடம். பயிற்சியில் களைத்த தசைகள் தம்மைச் சீர்செய்துகொள்வது ஓய்வின்போதுதான். உறக்கம் குறைந்தவருக்குக் காயமும் சளியும் காய்ச்சலும் எளிதில் வருகின்றன. சைக்கிளில் செல்லும்போது கவனமும் தவறுகிறது. வேறு சிலர் கேட்காமலே வீட்டாரின் நேரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். ஞாயிறு காலையில் கணவர் ஐந்து மணி நேரம் சைக்கிளில் சென்றுவிட்டால், அந்த ஐந்து மணி நேரமும் குழந்தையையும் மாமியாரின் மருந்தையும் பார்த்துக்கொண்டவர் மனைவியே. அவர் ஓடவில்லை, பதக்கமும் பெறவில்லை. ஆயினும் அந்தப் பயிற்சியில் பாதி அவருடையது.

ஆகவே ஞாயிறு மாலையில் குடும்பமாக அமர்ந்து, வரும் வாரத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுமாறு நாங்கள் பரிந்துரைக்கிறோம். மாற்ற இயலாதவற்றை முதலில் எழுதுங்கள்: பணி நேரம், டயாலிசிஸ் நாள், மருத்துவரைப் பார்க்கும் நாள், பிள்ளைகளின் தேர்வு. அடுத்து, வீட்டில் ஒவ்வொருவருக்கும் தமக்கென வேண்டிய நேரத்தை எழுதுங்கள். எஞ்சிய இடத்தில் பயிற்சியை வையுங்கள். ஒருவர் மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டால், அதே வாரத்தில் மற்றவருக்கு மூன்று மணி நேரம் திருப்பித் தரப்பட வேண்டும். அது எந்த நாள், எந்த நேரம் என்பதும் தாளில் இருக்க வேண்டும். பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட கடன் பெரும்பாலும் அடைபடுவதில்லை.

ஒரு தந்தையும் மகனும்

கயிற்றின் இரு முனைகளையும் ஒருவரே பிடித்த வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1962ஆம் ஆண்டு பிறந்த ரிக் ஹாய்ட் என்னும் குழந்தைக்குப் பிறப்பின்போது மூளைக்கு உயிர்வளி போதாமற்போனது. அதனால் மூளை முடக்குவாதம் ஏற்பட்டது. நடக்கவும் பேசவும் இயலாது. காப்பகத்தில் விட்டுவிடுங்கள் என்று பெற்றோருக்கு அறிவுறுத்தப்பட்டது. டிக், ஜூடி என்னும் அப்பெற்றோர் குழந்தையை வீட்டுக்கே கொண்டு சென்றனர். 1970களில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் செய்து கொடுத்த கருவியின் உதவியால், தலையசைவின் மூலம் எழுத்துகளைத் தேர்ந்து ரிக் பேசத் தொடங்கினார். பின்னர் 1993ஆம் ஆண்டு பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பட்டமும் பெற்றார்.

1977ஆம் ஆண்டு, விபத்தில் உடல் செயலிழந்த ஒரு விளையாட்டு வீரருக்கு நிதி திரட்ட ஐந்து மைல் ஓட்டம் ஒன்று நடந்தது. அதில் தானும் கலந்துகொள்ள விரும்புவதாக ரிக் தந்தையிடம் தெரிவித்தார். டிக் படைப்பிரிவு ஒன்றில் பணியாற்றிவந்தவர், ஓட்டக்காரர் அல்லர். மகனைச் சக்கர நாற்காலியில் அமர்த்தித் தள்ளிக்கொண்டே ஓடினார். கடைசிக்கு முந்தியவராக வந்தனர். ஓடும்போது தன் உடற்குறை மறைந்துவிட்டது போல் இருந்ததாக அன்றிரவு மகன் கருவியின் வழியே சொன்னார். அச்சொல்லுக்குப் பிறகு தந்தை நிற்கவில்லை.

மகன் பள்ளியிலோ படிப்பிலோ இருக்கும் நேரங்களில் டிக் பயிற்சி செய்தார். மகனின் எடைக்கு ஈடாகச் சக்கர நாற்காலியில் ஒரு சிமெண்ட் மூட்டையை வைத்துத் தள்ளினார். டிரையத்லானுக்காக நீச்சல் கற்றார். போட்டியின்போது ரப்பர்த் தோணியில் மகன் இருக்க, அதன் கயிற்றைத் தம் உடலில் கட்டிக்கொண்டு நீந்தினார். சைக்கிளின் முன்பக்கம் மகனுக்கு இருக்கை அமைத்தார். ஓட்டத்தில் நாற்காலியைத் தள்ளினார். இவ்வாறு இருவரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட போட்டிகளில் பங்கேற்றனர். ஆறு முறை அயர்ன்மேன் அளவுத் தொலைவையும் முடித்தனர். டிக் 2021ஆம் ஆண்டிலும் ரிக் 2023ஆம் ஆண்டிலும் மறைந்தனர்.

இவ்வரலாற்றை இங்கே சொல்வதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 2003ஆம் ஆண்டு டிக்குக்கு இலேசான மாரடைப்பு ஏற்பட்டது. பரிசோதனையில் அவருடைய இதயத் தமனி ஒன்று பெரிதும் அடைபட்டிருப்பது தெரியவந்தது. அத்தனை வலிமையோடு ஓடியவரின் உடலுக்குள்ளும் நோய் ஓசையின்றி வளர்ந்திருந்தது. உடற்பயிற்சி இதயத்துக்கு நன்மை செய்கிறது. பரிசோதனைக்கு அது மாற்று ஆகாது. பிறரைத் தூக்கிச் சுமப்பவர்கள் தம் உடலைக் கடைசியாகவே பார்க்கிறார்கள் என்பதையும் இது உணர்த்துகிறது.

உடல் சொல்வதைக் கேளுங்கள்

அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த டிரையத்லான் போட்டிகளை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். திடீர் இறப்போ இதயநிறுத்தமோ நேர்ந்த 120 பேரில் 90 பேருக்கு அது நீச்சலின்போதே நேர்ந்தது. பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். நடுத்தர வயதினரும் முதியோரும் அவர்களுள் மிகுதி. பங்கேற்ற பெருந்தொகையினரோடு ஒப்பிட்டால் இவ்வெண்ணிக்கை சிறிது. ஆயினும் நாற்பது வயதைக் கடந்தவர்களும், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உடையவர்களும், குடும்பத்தில் இளவயது மாரடைப்புக் கண்டவர்களும் கடும்பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவரைக் காண்பது கட்டாயம். ஸ்டென்ட் வைத்தவர்களும் இதய அறுவை செய்துகொண்டவர்களும் தம் மருத்துவர் வகுத்துத் தரும் அளவைத் தாண்டலாகாது.

பயிற்சியின்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், தலைசுற்றல், மயக்கம் ஆகியவற்றுள் எது வந்தாலும் உடனே நிறுத்துங்கள், 108-ஐ அழையுங்கள். வாயுப்பிடிப்பு என்று சொல்லிச் சோடா குடித்துக் காத்திருப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

நம் பகுதியின் வெயில் பொறுக்கத்தக்கதன்று. காலை ஏழு மணிக்குள் பயிற்சியை முடித்துக்கொள்ளுங்கள். வெயிலில் ஓடியவர் தடுமாறினாலோ குழப்பமாகப் பேசினாலோ அது வெப்பத்தாக்காக இருக்கலாம். நிழலுக்குக் கொண்டுசென்று உடல் முழுவதையும் நீரால் நனைத்து, விசிறிக் குளிர்விக்கத் தொடங்கிவிட்டே வண்டிக்குக் காத்திருங்கள். நெடுநேரப் பயிற்சியில் வெறும் நீரை மட்டும் அளவின்றிக் குடிப்பதும் தீங்கு. இரத்தத்தில் உப்பு குறைந்துவிடும். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் பயிற்சிக்கு முன் சர்க்கரை அளவைப் பார்ப்பதோடு, சட்டைப்பையில் குளுக்கோஸும் வைத்திருக்க வேண்டும். காலில் கொப்புளம் இருக்கிறதா என்று இரவுதோறும் பார்க்க வேண்டும்.

ஆற்றில் தனியே நீந்தாதீர்கள். மேலே அமைதியாகத் தோன்றும் இடத்திலும் மணல் குழிகளும் சுழல்களும் இருக்கும். 2023ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட நமக்கு இந்த ஆற்றின் வேகத்தை மேலும் விளக்க வேண்டுவதில்லை. கரையில் ஒருவர், கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு, எப்போதும் நிற்க வேண்டும். அவருக்கும் நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். கையில் கயிறும் இருக்க வேண்டும்.

உடனிருப்போருக்கு ஒரு சொல்

வார்டில் நோயாளியின் கட்டிலருகே பாய் விரித்துப் படுத்திருப்பவர்களை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். அவர்களுடைய ஓட்டத்துக்குத் தொடக்கக் கோடும் இல்லை. முடிவுக் கோடு எங்கே என்றும் தெரியாது. நோயாளியின் மாத்திரை நேரம் தவறாது. தம் இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்து பத்து நாள் ஆனது அவர்கள் நினைவில் இருக்காது. எனக்கு என்ன, நான் நன்றாகத்தானே இருக்கிறேன் என்பார்கள். உறக்கமின்மை, முதுகுவலி, எரிச்சல், காரணமற்ற அழுகை, உணவில் விருப்பமின்மை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது அவர்களும் மருத்துவரைக் காண வேண்டிய நேரம்.

தமக்கென நேரம் எடுத்துக்கொள்வது தன்னலம் என்று பலர் அஞ்சுகிறார்கள். தோணியில் நிற்பவர் சோர்ந்து விழுந்தால் கயிறு யார் கையிலும் இராது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. நாளுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள் நடந்தால் 150 நிமிடம் நிறைவுறும். அதைப் பத்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்தும் செய்யலாம். அந்த அரைமணி நேரம் நோயாளியின் அருகில் இருக்க ஒருவரைக் கேளுங்கள். உதவி வேண்டுமானால் சொல்லுங்கள் என்று சென்ற உறவினர்களிடம், செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து முதல் ஆறு வரை வந்து உட்காருங்கள் என்று நாளும் நேரமும் குறித்துச் சொல்லுங்கள். குறித்துக் கேட்டால் மறுப்பவர் குறைவு.

தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. உயர் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. படுக்கையில் இருப்போருக்கு இயன்முறை மருத்துவமும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் கிடைக்கின்றன. உங்கள் பகுதிச் சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். 2023ஆம் ஆண்டு தொடங்கிய நடப்போம் நலம் பெறுவோம் திட்டத்தில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை குறிக்கப்பட்டுள்ளது. முழுவதும் நடக்க வேண்டும் என்பதில்லை. இயன்றவரை நடந்து திரும்பலாம்.

பங்கிட்டுக்கொண்ட போட்டி

டிரையத்லானில் தொடர் பிரிவு என்று ஒன்று உண்டு. ஒருவர் நீந்துவார், அடுத்தவர் சைக்கிளில் செல்வார், மூன்றாமவர் ஓடுவார். மூவருக்கும் ஒரே நேரக் கணக்கு. மூவருக்கும் ஒரே முடிவுக் கோடு. கோவாப் போட்டியிலும் இப்பிரிவு உண்டு. முழுப் போட்டிக்கு நேரமில்லாத ஆண்டுகளில் விளையாட்டை விட்டுவிடாமல் தொடர்வதற்கு இது நல்ல வழி. குழந்தை பிறந்த ஆண்டு, பெற்றோர் நோயுற்ற ஆண்டு, பணி மாறிய ஆண்டு ஆகியவற்றில் தொலைவைக் குறைத்துக்கொள்வதைத் தோல்வி என்று கருத வேண்டாம். அடுத்த ஆண்டும் கடல் அங்கேயேதான் இருக்கும்.

நோயாளியைப் பேணுவதிலும் இம்முறையைக் கையாளலாம். காலை மருந்து ஒருவர் பொறுப்பு. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது மற்றொருவர் பொறுப்பு. இரவுக் காவல் மூன்றாமவர் பொறுப்பு. வெளியூரில் இருக்கும் பிள்ளை, மருந்துச் செலவையும் தொலைபேசி வழி விசாரிப்பையும் ஏற்றுக்கொள்ளலாம். நோயாளியும் இயன்ற ஒரு பங்கை ஏற்கட்டும். தம் மாத்திரையைத் தாமே எண்ணி எடுப்பதும், கட்டிலிலிருந்து நாற்காலி வரை தாமே நடப்பதும் அவருடைய போட்டி. அந்த ஐந்தடித் தொலைவை அவர் முடிக்கும்போது அருகில் நின்று பாராட்டுங்கள்.

இன்றிரவு உணவுக்குப் பின், உங்களுக்காகக் கயிறு பிடித்திருப்பவர் யார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நாளைக்கு உனக்கு எந்த நேரம் வேண்டும் என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் நேரத்தைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். அந்த நேரம் வரும்போது, கயிற்றை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.